இருநூற்றுப் பதினான்கு கேள்விகள்

நொஸ்ரத்துக்கு இயேசுவின் சீடர்களில் பதினோரு பேர்தான் வாய்க்கு வந்தார்கள். விட்டுப்போகும் பன்னிரண்டாமவர் யார் என்பது நாளுக்கு நாள் மாறும். திங்கட்கிழமை ததேயு காணாமல் போவார். செவ்வாய்க்கிழமை அவர் வந்து சேர்ந்தால் பர்த்தலமேயு கிளம்பிவிடுவார்.

"மறுபடியும் முதல்லேர்ந்து," என்றார் ஹூஷங் வாத்தியார்.

"தலை சுத்துது வாத்தியாரே. அம்பத்தாறு வயசுல எனக்கு இதெல்லாம் தேவையா?"

"எனக்கும் தேவையில்ல கானும்," என்றார். ஈரானில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது. "நீதிபதிக்குத் தேவை. ம், ஓடட்டும். பேதுரு, அந்திரேயா..."

அகதிகள் விடுதியின் இரண்டாம் மாடிச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு அடுப்பில் நான்கு எரியும். எரிகிற நான்கிலும் யாராவது ஒருவருடைய சோறு எப்போதும் இருக்கும். ஹூஷங் வாத்தியார் ஷிராஸில் இருபத்தெட்டு வருஷம் வேதியியல் நடத்தியவர். அவர் முன்னால் கட்டம் போட்ட நோட்டு ஒன்று விரிந்திருந்தது. கிறிஸ்தவராகிவிட்டேன், ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி ஜெர்மனியில் அடைக்கலம் கேட்கிற ஈரானியர்களிடம் அதிகாரிகளும் நீதிபதிகளும் கேட்ட கேள்விகள் மொத்தமும் அதில் இருந்தன. விசாரணை முடிந்து எவர் வெளியே வந்தாலும் வாத்தியார் வாசலிலேயே மடக்கி, என்ன கேட்டான், எப்படிக் கேட்டான் என்று பிடுங்கிவிடுவார். இதுவரை இருநூற்றுப் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் கீழே சிவப்பு மையில் பதில்.

அந்த நோட்டை வைத்து வாத்தியார் முதல் தடவையிலேயே தேறிவிட்டார். கையில் அனுமதிச் சீட்டு இருக்கிறது, தனி வீடு இருக்கிறது. ஆனாலும் வாரம் மூன்று நாள் டிராம் ஏறி வந்து இந்தச் சமையலறையில் பாடம் நடத்துகிறார். அவருக்கு உண்மையில் நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்டதில்லை. பதில்கள் சரியாக இருந்தன, அதோடு விட்டுவிட்டார்கள்.

நொஸ்ரத் நம்பினாள். அதுதான் வேடிக்கை. நம்பியவள்தான் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் நடந்த முதல் விசாரணையில் அவளிடம் பேசியவன் ஒரு இளைஞன், நல்லவன். தண்ணீர்கூட ஊற்றிக் கொடுத்தான். "உங்களுக்கு வேதம் நன்றாகத் தெரியுமா?" என்று கேட்டான். அட்டை கிழிந்து தையல் பிரியுமளவுக்கு அதை மூன்று முறை படித்திருந்தவள் நொஸ்ரத். ஆனால் இஸ்ஃபஹானில் ஒழுங்காக வளர்க்கப்பட்ட எந்தப் பெண்ணும் என்ன சொல்வாளோ அதையே சொன்னாள். "ஐயோ, எனக்கு என்ன தெரியும்? அதைக் கையால தொடக்கூட யோக்கியதை இல்லாதவ நான்." அவன் இன்னொரு முறை கேட்பான், மூன்றாவது முறையும் கேட்பான், அப்போது கூச்சத்தோடு கொஞ்சம் சொல்லலாம் என்று காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. தட்டச்சு செய்தான். "நீங்கள் நல்ல கிறிஸ்தவர்தானா?" என்றான். "நானா? என்னைவிட மோசமானவ உலகத்துலயே கிடையாது," என்றாள். அதையும் தட்டச்சு செய்தான்.

மனுவை நிராகரித்து ஆறு பக்கக் கடிதம் வந்தது. வேதம் தெரியாது என்றும், தான் நல்ல கிறிஸ்தவர் இல்லை என்றும் மனுதாரரே ஒப்புக்கொள்கிறார் என்று நான்காம் பக்கத்தில் இருந்தது.

இந்த தாரோஃப் என்கிற பணிவு இருக்கிறதே, அதை ஈரானியர்கள் தாய்ப்பாலோடு குடித்து வளர்கிறார்கள். கொடுப்பதை இரண்டு முறை வேண்டாம் என்று தள்ளி, மூன்றாம் முறைதான் வாங்க வேண்டும். தன்னைத் தானே தூசு என்று சொல்லிக்கொள்ள வேண்டும். எதிராளி உடனே அதை மறுத்து, நீங்களா தூசு, நான்தான் உங்கள் கால்தூசு என்று சொல்ல வேண்டும். ஜெர்மன்காரனிடம் இந்த இரண்டாவது பாதி கிடையாது. நீ தூசு என்றால் அவன் தூசு என்றே எழுதிக்கொள்கிறான். மாதா கோயிலில் ஆராதனை முடிந்ததும் அந்த ஊர்க் கிழவிகள் கேக் தட்டை நீட்டுவார்கள். நொஸ்ரத் புன்னகையோடு தலையசைத்து மறுப்பாள், தட்டு அடுத்த மேசைக்குப் போய்விடும். ஒரு மாதம் கேக்கை வேடிக்கை பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயமே புரிந்தது. கேக் போனால் போகிறது. உயிரையும் அப்படித் தள்ளிவிட்டோமே என்பதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

இஸ்ஃபஹானில் அவள் வீட்டு முன்னறைதான் அழகு நிலையம். கதவைச் சாத்திவிட்டு எட்டு பேர் அங்கேதான் கூடி ஜெபித்தார்கள். அதில் மூன்று பேர் இப்போது சிறையில். நொஸ்ரத்தின் பெயரைப் போலீஸுக்கு எழுதிக் கொடுத்தது செத்துப்போன கணவனின் சொந்தத் தம்பி. வியாழக்கிழமை நீதிமன்றத்தில் வழக்கு. நீதிபதி நம்பினால் இங்கே இருக்கலாம். நம்பாவிட்டால் விமானம், விமானத்திலிருந்து இறங்கினால் மைத்துனன் எழுதிக் கொடுத்த அந்தக் காகிதம்.

அதனால் வாத்தியார் ஒரு சட்டம் போட்டார். இந்த வாரம் முழுக்க இந்தச் சமையலறையில் தாரோஃப் தடை.

"டீ வேணுமா கானும்?"

"நீங்க குடிங்க வாத்தியாரே, எனக்கென்ன..."

வாத்தியார் கிளாஸை எடுத்து மடமடவென்று அவரே குடித்துவிட்டார். நொஸ்ரத் வாயைப் பிளந்து பார்த்தாள். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள், அவள் வேகவைத்து எடுத்துவந்த பீன்ஸ் சோற்றில், எல்லாரும் போட்டி போடும் அந்த முறுகிய அடிச்சோறு முழுவதையும் "நீங்க எடுத்துக்கங்க" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லப்போக, மனிதர் நிஜமாகவே வழித்து எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு வெக்கமே கிடையாதா?"

"ஜெர்மன்காரனாயிட்டேன் கானும். இப்ப கேக்குறேன், டீ வேணுமா?"

"வேணும்," என்றாள் நொஸ்ரத் பல்லைக் கடித்துக்கொண்டு. "ரெண்டு சர்க்கரைக் கட்டியோட."

சொன்னதும் முகம் சுட்டது. எதையோ திருடி முந்தானையில் ஒளித்தவள்போல் இருந்தது. வாத்தியாரோ கைதட்டினார்.

"அப்படிப் போடுங்க! இப்ப எண்பத்தேழாவது கேள்வி. கிறிஸ்தவரான பிறகு உங்க வாழ்க்கையில என்ன மாறிச்சு?"

"மனசுக்கு அமைதி கிடைச்சுது," என்று சிவப்பு மைப் பதிலை ஒப்பித்தாள்.

"இன்னும் கொஞ்சம் உருக்கமா. ரேஷன் கடையில நிக்கிற மாதிரி சொல்லாதீங்க."

"வாத்தியாரே, இது எனக்கே அலுப்பா இருக்கு. அமைதியாம் அமைதி. நாலு வருஷமா இந்த மாடிப்படி ஏறி இறங்குறேன், எங்க இருக்கு அமைதி?"

"அப்ப என்னதான் மாறிச்சு?"

நொஸ்ரத் சர்க்கரைக் கட்டியை டீயில் போட்டாள். டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன மாறியது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை வாயால் சொல்ல முடியாது.

அவளுடைய மாமியார் எஸ்மத் பக்கவாதம் வந்து ஏழு வருஷம் பின்னறையில் படுத்திருந்தாள். மகன் செத்த பிறகும் மருமகளிடமே இருந்தாள். முன்னறையில் யாருக்காவது தலையில் சாயம் பூசிக்கொண்டிருக்கும்போது பின்னறையில் மணி அடிக்கும். ஒருநாள், காலையிலிருந்து மூன்றாவது முறையாக விரிப்பை மாற்றும்போது, நொஸ்ரத் கிழவியை அடித்துவிட்டாள். அடுத்த முறை அடிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. பிறகு கையால் அடிப்பதை விட்டுத் தலைவாரும் பிரஷ்ஷின் பின்பக்கத்தால் அடித்தாள், சட்டைக்கை மறைக்கும் இடமாகப் பார்த்து. இரண்டு வருஷம். தெருவே அவளைத் தேவதை என்றது. இப்படி மாமியாரைப் பார்க்கிற மருமகள் எங்கே கிடைப்பாள் என்றது. "ஐயோ, நான் என்ன பெரிசா பண்ணிட்டேன்," என்று நொஸ்ரத் தலைகுனிவாள். அவள் வாழ்நாளில் சொன்ன தாரோஃப்களில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

கிறிஸ்தவர்கள் வாழும் ஜூல்ஃபா பக்கத்து அர்மீனியப் பெண் ஒருத்தி, ஹாஸ்மிக், மாதம் ஒருமுறை சாயம் பூச வருவாள். ஒருநாள் கழிப்பறைக்குப் போகும் வழியில் பின்னறையில் கிழவியின் கையைப் பார்த்துவிட்டாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் காட்டினாள். மானம் போயிற்று, நாளைக்குத் தெருவெல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்தபடியே நொஸ்ரத் சாயத்தைப் பூசி முடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரமே ஹாஸ்மிக் வந்து நின்றாள். சாயத்துக்கு வரவில்லை, பின்னறை அம்மாவோடு அரை மணி உட்காரட்டுமா என்று கேட்டாள். அந்த அரை மணியில்தான் எல்லாம் தொடங்கியது.

இதை நொஸ்ரத் ஹாஸ்மிக்கைத் தவிர எவரிடமும் பேசியதில்லை. வீட்டுக் கதவுக்கு உள்ளே நடப்பது கதவுக்கு உள்ளேயே இருக்க வேண்டும். அப்படித்தான் வளர்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல வாத்தியாரே," என்றாள். "அமைதிதான். எழுதிக்கங்க."

வியாழக்கிழமை மூன்று ரயில் மாறிப் போனாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. வாத்தியார் வர முடியவில்லை, அன்றைக்கு வேறொருவருக்குப் பாடம். நீதிமன்றத் தாழ்வாரத்தில் மொழிபெயர்ப்பாளர் காத்திருந்தாள். மஹீன் என்று பெயர், டெஹ்ரான்காரி, முப்பது வருஷமாக இங்கே இருப்பவள். நல்ல வாசனை அடித்தது, கையில் கனத்த வளையல்.

"வாங்க கானும், முதல்ல நீங்க," என்று மஹீன் கதவருகே ஒதுங்கி நின்றாள்.

ஊராக இருந்தால் இந்த வாசலில் இரண்டு நிமிஷம் ஓடும். வாத்தியாரின் பயிற்சியில் இருந்த நொஸ்ரத் நேராக உள்ளே நடந்துவிட்டாள். மஹீனின் புருவம் உயர்ந்ததை முதுகாலேயே உணர்ந்தாள்.

நீதிபதிக்கு அறுபது வயதிருக்கும். அவர் முகத்திலும் அலுப்புதான். எத்தனை பேர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை முறை ஒரே கதையைச் சொல்லியிருப்பார்களோ பாவம் என்று நொஸ்ரத் நினைத்துக்கொண்டாள். பெந்தெகொஸ்தே என்றால் என்ன என்று கேட்டார், சொன்னாள். திருமுழுக்கில் என்ன நடக்கிறது என்று கேட்டார், அதையும் சொன்னாள். சீடர்களைக் கேட்டார். அன்றைக்கென்று பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள், ததேயு உட்பட. நீதிபதி என்னவோ சொன்னார்.

"ரொம்ப நல்லாப் பாடம் பண்ணியிருக்கீங்கன்னு பாராட்டுறார்," என்றாள் மஹீன்.

நொஸ்ரத் நீதிபதியின் கையைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டிருந்தார். பாராட்டுகிறவர் பேனாவைக் கீழே வைக்க மாட்டார்.

"கிறிஸ்தவரான பிறகு உங்கள் வாழ்க்கையில் என்ன மாறியது?"

எண்பத்தேழு.

"மனசுக்கு அமைதி கிடைச்சுது."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். இந்த வருஷம் இந்த அறையில் இதைச் சொல்லும் நாற்பதாவது ஆள் நீங்கள் என்றார். கோபமில்லை, குரலில் களைப்பு மட்டும் இருந்தது. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டுவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாம் முறை கேட்க மாட்டார் என்பது நொஸ்ரத்துக்குத் தெரியும். இந்த ஊரில் ஒரு முறைதான்.

அவள் பேச ஆரம்பித்தாள். தலையை நிமிர்த்தாமல் பாரசீகத்தில் பேசினாள். பின்னறை, மணி, விரிப்பு, பிரஷ், சட்டைக்கை. ஹாஸ்மிக் உட்கார்ந்திருந்த அரை மணிகள். நான்கு நிமிஷம் பேசியிருப்பாள். நடுவில் மஹீன் குனிந்து, "கானும், இதெல்லாம் எதுக்கு? ஆம்பளைங்க முன்னாடி," என்று கிசுகிசுத்தாள். நொஸ்ரத் நிறுத்தவில்லை. முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மஹீன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

நொஸ்ரத்துக்குத் தெரிந்த ஜெர்மன் முழுக்க முதியோர் இல்லத்தில் பொறுக்கியது. இரண்டு வருஷமாகக் காலை வேலைக்கு அங்கேதான் போகிறாள். கழுவு, திருப்பு, வலிக்கிறதா, நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம். அந்தக் கடைசி வார்த்தையை இல்லத்தின் மேலாளர் கிழவர்களின் பிள்ளைகளிடம் தினம் பத்து முறை சொல்வார். மஹீன் சொன்ன வாக்கியத்தில் அதுதான் இருந்தது. நோயாளி மாமியார், நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

மஹீன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தன் ஊர்க்காரி ஒருத்தி அந்நியன் முன்னால் ஆடை நழுவி நின்றால் தானும் அப்படித்தான் ஓடிப்போய்ப் போர்வையைப் போட்டிருப்பாள். ஆனால் நீதிபதி கோப்பை மூடத் தொடங்கியிருந்தார்.

நொஸ்ரத் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் கையைத் தூக்கினாள்.

"அது சரி இல்ல," என்றாள் ஜெர்மனில், மஹீனைக் காட்டி. "அவங்க நல்லவங்க. ஆனா சரி இல்ல. நான் பேசுறேன்."

நீதிபதி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நான் அடிச்சேன். கிழவி. நடக்க முடியாது. படுக்கை. நான் அடிச்சேன். ரெண்டு வருஷம். இங்க." சட்டைக்கையைத் தொட்டுக் காட்டினாள். "யாருக்கும் தெரியாது. ஹாஸ்மிக் பார்த்தா. திட்டல. வந்தா, உக்காந்தா. அப்புறம் இயேசு. அப்புறம் அடிக்கல. கழுவினேன். தலை வாரினேன். நாலு வருஷம். மன்னிப்பு கேட்டேன். கிழவிக்குப் பேச்சு வராது. என் கை பிடிச்சா. செத்தா." மூச்சு வாங்கினாள். "அமைதி, பொய். அமைதி இல்ல. தினம் வெக்கம். ஆனா அடிக்கல."

நீதிபதி பேனாவை எடுத்திருந்தார்.

"இதை ஏன் முதல் விசாரணையில் சொல்லவில்லை?"

"நல்லா வளர்ந்த பொண்ணு இதைச் சொல்ல மாட்டா," என்றாள் நொஸ்ரத்.

தீர்ப்பு அன்றைக்கே வரவில்லை. மூன்று வாரம் கழித்து மஞ்சள் உறையில் வந்தது. உங்களைக் காக்க வைப்பானேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்: இங்கேயே இருக்கலாம் என்று வந்தது. ஹூஷங் வாத்தியார் அதை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பிறகு தன் நோட்டைத் திறந்து, எண்பத்தேழாம் கேள்விக்குக் கீழே இந்தப் புதுப் பதிலை எழுதப் பேனாவை எடுத்தார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு எழுதாமல் மூடிவிட்டார். அன்றைக்கு அவர் டீகூடக் குடிக்கவில்லை.

ஆனால் நொஸ்ரத்தைக் கேட்டால், அவள் வழக்கு அந்த மஞ்சள் உறையில் முடியவில்லை, வியாழக்கிழமை மத்தியானம் நீதிமன்றத்து வாசலிலேயே முடிந்துவிட்டது என்பாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மஹீன் பின்னாலேயே படி இறங்கி வந்தாள், முகம் சிவந்திருந்தது.

"உங்க மானத்தைக் காப்பாத்தப் பார்த்தேன் கானும். நீங்களே போட்டு உடைச்சுட்டீங்க. இனிமே நம்ம ஊர்ப் பொம்பளைங்களைப் பத்தி அந்த ஆள் என்ன நெனைப்பான்? என் வேலையைப் பத்தி என்ன நெனைப்பான்?"

"உங்க கைக்கு நோவு வராம இருக்கட்டும் மஹீன் கானும்," என்று ஊர் வழக்கப்படி நன்றி சொன்னாள் நொஸ்ரத். "நல்ல எண்ணத்துலதான் பண்ணீங்க. அந்த மானத்தை இத்தனை வருஷம் நானே தூக்கிட்டு நின்னேன். கை மரத்துப் போச்சு."

மஹீன் கார் சாவியைத் தேடினாள். வழக்கம் விடவில்லை. "ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவிடட்டுமா?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டாள்.

"விடுங்க. முட்டி ரெண்டும் வலிக்குது," என்றாள் நொஸ்ரத்.

ஸ்டேஷன் வாசலில் கார் நின்றது. ரயிலுக்குப் பதினொரு நிமிஷம் இருந்தது. அதை விட்டால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது. நொஸ்ரத் நன்றி சொல்லிவிட்டுக் கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு ஜன்னலோரம், கண்ணை மூடிக்கொள்ள. மஹீன் என்ஜினை அணைத்தாள். கண்ணாடியில் மழைத்துளிகள் சேரச் சேர வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"என் மாமியார் எங்ககூடத்தான் இருக்காங்க," என்றாள் மஹீன். முன்னால் பார்த்தபடியே சொன்னாள். "டெஹ்ரான்லேர்ந்து கூட்டிட்டு வந்தோம். மறதி நோய். புள்ளையை அடையாளம் தெரியல, என்னையும் தெரியல. ராத்திரி பகல் தெரியல. என் வீட்டுக்காரர் காலையில போனா பொழுது சாஞ்சுதான் வருவார்."

வளையலை ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"எப்படி நிறுத்தினீங்க?"

நொஸ்ரத் பழக்கதோஷத்தில் நோட்டைப் புரட்டுவதுபோல் மனசுக்குள் தேடினாள். இருநூற்றுப் பதினான்கிலும் இந்தக் கேள்வி இல்லை. எந்த நீதிபதியும் இதைக் கேட்டதில்லை. இத்தனை வருஷமாக இந்த மாடிப்படிகளிலும் ரயில்களிலும் அவள் தயாரானது வேறு எதற்கோ என்று நினைத்திருந்தாள்.

உடம்பெல்லாம் வலித்தது. ரயிலுக்கு எட்டு நிமிஷம் இருந்தது. கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரே நாள்ல நிக்கல மஹீன் ஜான். நிறுத்தினது நானும் இல்ல," என்றாள் நொஸ்ரத், கானும் என்பதை விட்டு அன்பாக அழைத்து. "பெரிய கதை. கேக்குறீங்களா?"

உங்களுக்கு எதற்குச் சிரமம், உங்கள் ரயில் போய்விடும், களைத்திருப்பீர்கள் என்று டெஹ்ரானில் வளர்ந்த எவளும் இந்த இடத்தில் மூன்று முறையாவது சொல்லியிருப்பாள்.

"கேக்குறேன்," என்றாள் மஹீன்.